பழைய தூண்டில் ரீலின் வயது பிடிபடவில்லையா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பழைய ரீல் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது ஓர் எண்ணை. காலில் பொறித்தது, பக்கத் தட்டில் உள்ளது, பெட்டியில் அச்சடித்தது என்று எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை வைத்து வருஷத்தைச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு ரீலின் வயது ஒற்றை எண்ணில் அடங்குவது அபூர்வம். ஒவ்வொரு தடயமும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும்: இந்த ஆண்டுக்கு முன்னால் இதைச் செய்திருக்க முடியாது, அல்லது இந்த ஆண்டுக்குப் பின்னால் செய்திருக்க வாய்ப்பில்லை. முதலாவதைக் கீழ் எல்லை என்றும் இரண்டாவதை மேல் எல்லை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மிஞ்சும் சில ஆண்டுகள்தான் விடை.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். ரீலுக்குப் பாலிஷ் போடாதீர்கள். பித்தளையைப் பளபளக்க வைக்கும் பசை, மெல்லிய முத்திரை எழுத்துகளின் விளிம்பைத் தின்றுவிடும். பழைய ஈயக் கறுப்புப் பூச்சு போய்விட்டால் திரும்ப வராது. மென்மையான பல்துலக்கும் பிரஷ், இளம் சூட்டு நீர், ஒரு சொட்டு சோப்பு போதும்.

அறிகுறி: காலில் எண் இருப்பது போலத் தெரிகிறது, படிக்க முடியவில்லை

கால் என்று நான் சொல்வது, கழியின் இருக்கையில் உட்காரும் அந்த நீளத் தகட்டை. வியர்வை, உப்பு, பழைய கிரீஸ் எல்லாம் சேர்ந்து எழுத்துப் பள்ளங்களை அடைத்திருக்கும். பிரஷ் போட்டுத் துடைத்துக் காயவைத்த பிறகு, சாக்பீஸ் பொடியை விரலால் தடவி, மேற்பரப்பை மட்டும் துணியால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் பொடி நிற்கும், எழுத்து வெள்ளையாக எழும். அதுவும் போதவில்லை என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காலின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மறைந்த கீறல்கள் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது லென்ஸைவிட வசதி.

காலின் இரு முனையும் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி ஒடுங்கியிருக்கிறதா? அந்தக் காலத்தில் கழியின் இருக்கைக்குள் நுழையாத ரீலை வாங்கியவரே ராவிக்கொள்வது வழக்கம், முக்கியமாக இங்கிலாந்து ஈ-ரீல்களில் (ஈயைப் போலச் செய்த தூண்டிலை வீசப் பயன்படும் ரீல்). முனையில் இருந்த எழுத்து போயிருக்கலாம். அப்படியானால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அறிகுறி: எண் தெளிவாக இருக்கிறது, ஆனால் ஆண்டு போலத் தெரியவில்லை

முதல் கேள்வி, அது மாடல் எண்ணா, வரிசை எண்ணா? மிட்செல் 300, அபு அம்பாசடர் 5000, ஜெப்கோ 33 ஆகியவற்றில் உள்ள எண்கள் மாடலின் பெயர்கள். அவற்றில் ஆண்டு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. மாடல் எண் பெரிதாக, அழகாக, முகப்பில் இருக்கும். வரிசை எண் சிறிதாக, காலிலோ தண்டிலோ, முத்திரை குத்தினாற்போல் இருக்கும்.

எளிதாகப் பிடிபடுவது ஸ்வீடன் நாட்டு அபு. ஸ்வேங்ஸ்டா ஊரில் 1921இல் கார்ல் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கிய நிறுவனம் அது. கடிகாரமும் டாக்ஸி மீட்டரும் செய்த கைகள்தான் பிறகு ரீலுக்கு வந்தன. அம்பாசடர் 5000 வெளிவந்தது 1952இல். ஆகவே எந்த அம்பாசடர் 5000க்கும் கீழ் எல்லை 1952. 1970களின் நடுப்பகுதியிலிருந்து செய்த அம்பாசடர்களின் காலில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், கடைசி இரண்டு அந்த மாடலின் வடிவ மாறுபாடு. 780602 என்றால் 1978 ஜூன். கடைசி 02 உதிரிபாகம் வாங்குபவருக்கு உதவும், வயதுக்கு அல்ல.

இதைச் சரிபார்க்க நடுவில் உள்ள இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். அவை 01 முதல் 12க்குள் இருந்தாக வேண்டும். 37 என்றோ 64 என்றோ வந்தால் அது இந்த முறையில் குத்திய எண்ணே அல்ல, பழைய நேர் வரிசை எண். அதை ஆண்டாகப் படிக்கக் கூடாது. அப்போது பெயர்ப் பொறிப்பையும் உடலமைப்பையும் வைத்துத்தான் நகர வேண்டும்.

மிட்செல்லில் இந்த வசதி கிடையாது. பிரான்சின் குளூஸ் நகரத்தில் கார்பானோ-போன்ஸ் நிறுவனம் செய்த இந்த ரீலில் வரிசை எண் இருந்தாலும் அதற்குள் ஆண்டைப் படிக்கும் எளிய வழி இல்லை. ஆனால் வேறு ஒரு நல்ல தடயம் உண்டு. தொடக்ககால ரீல்களில் பக்கத் தட்டில் 'மிட்செல்' என்று மட்டும் இருக்கும். 300 என்ற எண், மாடல்கள் பெருகி ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்லும் தேவை வந்த 1950களில் சேர்ந்தது. எண் இல்லாத மிட்செல் கையில் இருந்தால் அது மூத்த தலைமுறை. லைனைப் பிடித்துச் சுற்றும் வளைகம்பியையும் பாருங்கள். முழு வட்டமாக இல்லாமல் பாதியில் நின்றால் இன்னும் மூத்தது.

அறிகுறி: 'பேட்டன்ட்' என்று எண்ணோ தேதியோ இருக்கிறது

அதிகம் பேரைத் தடுமாற வைப்பதும், சரியாகப் படித்தால் அதிகம் தருவதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேட்டன்ட் தேதி என்பது கண்டுபிடிப்புக்கு உரிமை வழங்கிய நாள். ரீல் செய்த நாள் அல்ல. 1904ஆம் ஆண்டுத் தேதி குத்திய ரீலை 1915இலும் செய்திருக்கலாம். அந்தத் தேதி தருவது கீழ் எல்லை மட்டுமே. பல தேதிகள் வரிசையாக இருந்தால் கடைசித் தேதிதான் கணக்கு. முதல் தேதியைப் பிடித்துக்கொண்டு "1890களின் ரீல்" என்று விலை சொல்பவரிடம் கடைசித் தேதியைக் காட்டுங்கள்.

அமெரிக்க ரீல்களில் தேதி மட்டும் இருந்து எண் இல்லையென்றால் கூடுதலாக ஒரு செய்தி கிடைக்கிறது. 1927இல் வந்த சட்டத் திருத்தம் பொருளின் மேல் பேட்டன்ட் எண்ணைக் குறிக்கச் சொன்னது. அதற்கு முன் தேதி குறித்தாலே போதும். எனவே தேதி மட்டும் உள்ள ரீல் பெரும்பாலும் 1927க்கு முந்தியது, எண் மட்டும் உள்ளது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அச்சுகளை உடனே மாற்றாத தொழிற்சாலைகளும் இருந்தன என்பதால் ஓரிரு ஆண்டு இழுத்துப் பிடிக்கலாம்.

அமெரிக்க எண் இருந்தால் கீழ்க்கண்டவை உதவும். அந்தந்த ஆண்டு இந்த எண்ணில் தொடங்கியது:

1900: 640,167
1910: 945,010
1920: 1,326,899
1930: 1,742,181
1935: 1,985,878
1940: 2,185,170
1945: 2,366,154
1950: 2,492,944
1955: 2,698,434
1960: 2,919,443
1965: 3,163,865
1970: 3,487,470
1980: 4,180,867

இதில் ஒரு பொறி உண்டு. வடிவமைப்புக்குத் தரும் பேட்டன்ட் தனி வரிசை. 'டெஸ். பேட்.' என்று முன்னால் இருக்கும். அதன் 1940ஆம் ஆண்டு 118,358இல் தொடங்குகிறது. அந்த முன்னெழுத்துகள் தேய்ந்துபோன ரீலில் எண்ணை மட்டும் படித்துச் சாதாரணப் பேட்டன்ட் வரிசையில் வைத்தால் 1871 என்று வரும். பேக்கலைட் என்ற தொடக்ககாலப் பிளாஸ்டிக்கில் செய்த தட்டும் குரோம் முலாமும் உள்ள ரீல் 1871இல் இருக்க வழியே இல்லை. ஆறு இலக்க எண்ணைப் பார்த்தால் அதன் இடப்பக்கத்தை லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

மேல் எல்லையும் ஓரளவு கிடைக்கும். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பேட்டன்டின் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. காலாவதியான எண்ணைத் தொடர்ந்து குத்திக்கொண்டிருக்க நிறுவனத்துக்குப் பெரிய காரணம் இல்லை. இது கறாரான எல்லை அல்ல, ஆனாலும் பயனுள்ள எல்லை.

'பேட்டன்ட் பெண்டிங்', 'பேட்டன்ட் அப்ளைடு ஃபார்' என்ற சொற்கள் இருந்தால் அதுதான் இருப்பதிலேயே மதிப்புள்ள தடயம். விண்ணப்பம் போட்டதற்கும் உரிமை கிடைத்ததற்கும் இடையிலான குறுகிய காலத்தை அது சுட்டுகிறது, பெரும்பாலும் சில ஆண்டுகளைத்தான். அதே மாடலின் அடுத்த ரீல்களில் எண் வந்துவிட்டதா என்று படங்களைத் தேடிப் பாருங்கள். வந்திருந்தால் அந்த எண்ணின் ஆண்டு உங்கள் ரீலுக்கு மேல் எல்லை ஆகிறது. இரண்டு பக்கமும் ஒரே வீச்சில் அடைபடும் இடம் இது.

பிரிட்டிஷ் ரீலுக்கு இந்தப் பட்டியல் செல்லாது. அங்கே 1916க்கு முன் பேட்டன்ட் எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆண்டைச் சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்கே பொருள். ஆகவே ஐந்து இலக்கத்துக்குள் ஒரு சிறிய எண் தனியாக நின்றால் அதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது. 1916 முதல் 100,001 என்று தொடங்கித் தொடர் வரிசை ஆனது. 'ரெஜிஸ்டர்டு' என்றோ 'ரெஜி. நம்பர்' என்றோ இருப்பது வடிவமைப்புப் பதிவு. அது 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கி, 1900இல் சுமார் 3.5 லட்சத்தையும், 1910இல் 5.5 லட்சத்தையும், 1920இல் 6.7 லட்சத்தையும், 1930இல் 7.5 லட்சத்தையும் எட்டியது.

ஜெர்மன் ரீலில் 'டி.ஆர்.பி.', 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற சுருக்கெழுத்துகள் இருந்தால் அவை பழைய ஜெர்மன் அரசின் பதிவுகள், இரண்டாம் உலகப் போரின் முடிவோடு நின்றவை. 'டி.பி.பி.' என்றால் போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனி.

அறிகுறி: நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது

அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தோடு வந்தது. அதனால்தான் 'இங்கிலாந்து' என்று ஒற்றைச் சொல்லாக வரும் முத்திரை பழமையான காலத்தைச் சுட்டுகிறது. 'மேட் இன்' சேர்ந்து வருவது முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பரவலானது.

ஜப்பான் ரீல்களில் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். 'நிப்பான்' என்றால் 1921க்கு முன். 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்றால் போருக்குப் பின் அமெரிக்கப் படை அங்கே இருந்த காலம், 1952க்குள். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் இடையே. டாம் குயிக் ரீல்களில் இதைப் பார்க்கலாம்.

சோவியத் ரீல்களின் தடயம் எனக்குப் பிடித்தமானது. பல ரீல்களில் விலையையே உலோகத்தில் குத்தியிருப்பார்கள். 1961இல் ரூபிள் பத்துக்கு ஒன்றாக மதிப்பு மாறியதால் விலையும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒரே மாடலின் இரண்டு ரீல்களில் விலை பத்து மடங்கு வேறுபட்டால் அதிகம் உள்ளது 1961க்கு முந்தியது. ஐங்கோண வடிவத் தரமுத்திரை இருந்தால் 1967க்குப் பிந்தியது.

அறிகுறி: நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, மாடல் தெரியவில்லை

நிறுவனங்கள் கைமாறியதும் பெயர் மாறியதும் பதிவான செய்திகள். அவை நல்ல எல்லைக் கற்கள்.

அமெரிக்காவில் அபு, மிட்செல் இரண்டையும் இறக்குமதி செய்து விற்றது கார்சியா நிறுவனம். அதனால் 'கார்சியா மிட்செல்' என்ற பெயர்ப் பலகை அமெரிக்காவுக்கு என்று செய்ததைக் காட்டும். 1970களின் இறுதியில் கார்சியா நொடித்துப்போக, அபு அதை வாங்கிக்கொண்டது. 'அபு கார்சியா' என்று ஒரே பெயராகப் பொறித்த ரீல் அதற்குப் பிந்தியது. 'அபு' மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

ஜெப்கோவின் கதை இன்னும் தெளிவு. ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகள் செய்த 'ஜீரோ அவர் பாம் கம்பெனி'தான் 1949இல் முதல் மூடிய ரீலைக் கொண்டுவந்தது. 1956இல் ஜெப்கோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1961இல் பிரன்ஸ்விக் நிறுவனத்திடம் போனது. காலில் பழைய முழுப் பெயர் குத்தியிருந்தால் 1950களின் நடுப்பகுதி வரை, 'பிரன்ஸ்விக்' சேர்ந்திருந்தால் 1961க்குப் பின்.

ஃபுளூகர் ஓஹையோவின் ஆக்ரன் நகரத்தது. 1966இல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் அதை வாங்கியது. 'ஆக்ரன், ஓஹையோ' என்ற பொறிப்பு அந்த மாற்றத்துக்கு முந்திய காலத்தையே பெரும்பாலும் சுட்டும். பென் நிறுவனத்தை ஃபிலடெல்பியாவில் ஆட்டோ ஹென்ட்ஸே தொடங்கியது 1932இல், செனட்டர் மாடல் வந்தது 1936இல். பென் செனட்டரை "முதல் உலகப் போர்க் காலத்தது" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஹார்டிக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்தின் ஆல்னிக் ஊரில் 1872இல் தொடங்கிய கடை அது. பெர்ஃபெக்ட் ரீல் 1890களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்து, வெளிப் பெயர் மாறாமலே பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதனால் பெயர் வயதைச் சொல்லாது, உள்ளே திறந்து பார்க்க வேண்டும். ஸ்பூல், அதாவது லைன் சுற்றும் உருளை, சுழலும்போது கிறுகிறுவென்று சத்தம் தரும் 'செக்' அமைப்பை அவர்கள் பல முறை மாற்றினார்கள். சேகரிப்பாளர்கள் ரீலை அடையாளம் சொல்வதே அந்த அமைப்பை வைத்துத்தான். 'டூப்ளிகேட்டட் மார்க் 2' என்ற முத்திரை இருந்தால் 1910களின் பிற்பகுதிக்கு முன் போக முடியாது. முழுப் பித்தளை, பித்தளை முகம், பிறகு அலுமினியக் கலவை என்று உலோகமும் மாறி வந்தது. உட்பக்கத்தில் ஓரிரு எழுத்துகள் தனியாகக் குத்தியிருந்தால் அது செய்த தொழிலாளியின் பெயர்ச் சுருக்கம். அவரவர் வேலை பார்த்த காலம் தெரிந்தவர்களுக்கு அதுவும் தடயம். பிரித்த ஸ்பூலின் உள்முகத்தைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவரிடம் கேட்கும்போது வெளித்தோற்றத்தைவிட அந்தப் படம்தான் பேசும்.

ஹார்டியின் பெட்டி, உறை, துண்டுத்தாள் ஆகியவற்றில் அரச குடும்ப அங்கீகாரம் அச்சாகியிருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர் நேரடியாக வந்தால் 1910க்கும் 1936க்கும் இடையே. 'காலஞ்சென்ற ஐந்தாம் ஜார்ஜ்' என்று வந்தால் 1936 ஜனவரிக்குப் பின். எலிசபெத் ராணி என்றால் 1952 முதல்.

நம் பக்கத்தில் இங்கிலாந்து ரீல் கிடைப்பதில் வியப்பில்லை. நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க ஆங்கிலேயர் முயன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையே அமைத்தார்கள். இலங்கையின் நுவரெலியா மலைகளிலும் டிரவுட் விட்டார்கள். மலைப் பங்களாவிலிருந்து வந்த ரீல் என்று யாராவது சொன்னால் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வயதை ரீலிடமே கேளுங்கள்.

அறிகுறி: எழுத்தே கிடையாது

பெயரில்லாத ரீல்கள் ஏராளம். கடைக்காரர் தம் பெயரில் விற்பதற்காக வெறுமையாகவே அனுப்பிய ரீல்கள் இவை. இங்கே பொருளும் வேலைப்பாடும்தான் சாட்சி.

கறுப்புப் பக்கத் தட்டு எபோனைட்டா பேக்கலைட்டா என்று முதலில் பாருங்கள். கட்டைவிரலை ஓரிடத்தில் அழுத்தி, சூடு ஏறும்வரை வேகமாகத் தேய்த்து உடனே மூக்கருகே கொண்டுபோங்கள். கந்தக வாடை அடித்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். வெயில் பட்ட பக்கம் மட்டும் பச்சை கலந்த பழுப்பாக மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கார்பாலிக் சோப்பு வாடை அடித்தால் பேக்கலைட். அதன் பேட்டன்ட் 1909இல் கிடைத்தது, ஆகவே பேக்கலைட் தட்டுள்ள ரீல் 1910க்கு முன் இருக்க வாய்ப்பில்லை. எபோனைட் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது என்பதால் அது கீழ் எல்லை எதையும் தராது.

அடுத்து ஸ்க்ரூ தலை. நட்சத்திரப் பள்ளம் உள்ள ஃபிலிப்ஸ் ஸ்க்ரூவின் பேட்டன்ட் 1936இல் வந்தது. எல்லா ஸ்க்ரூவும் ஃபிலிப்ஸ் என்றால் ரீல் அதற்குப் பிந்தியது. ஒன்று மட்டும் ஃபிலிப்ஸ், மற்றவை ஒற்றைக் கோடு என்றால் அந்த ஒன்றைப் பின்னால் யாரோ போட்டிருக்கிறார்கள்.

ஸ்பின்னிங் ரீலில் லைனைப் பிடிக்கும் அமைப்பைப் பாருங்கள். நிலையான ஸ்பூலில் சுற்றும் ரீலுக்கு ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் பேட்டன்ட் எடுத்தது 1905இல். முழு வளைகம்பி ஹார்டியின் ஆல்டெக்ஸில் 1932இல் வந்தது. ஆகவே முழு வளைகம்பி இருந்தால் கீழ் எல்லை 1932. வெறும் கொக்கியோ பாதி வளைவோ இருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் விரலால் எடுத்து வைக்கும் அமைப்பை விரும்பிக் கேட்டவர்களுக்காகப் பின்னாளிலும் செய்தார்கள். பெரிய கடல் ரீல்களில் இதைத் தடயமாகவே எடுக்காதீர்கள்.

ஸ்பூலில் இருக்கும் லைன் எதற்கும் சாட்சி ஆகாது. நைலான் 1938க்குப் பின்னால்தான் வந்தது என்றாலும் 1910ஆம் ஆண்டு ரீலில் போன வருஷத்து லைனைச் சுற்றியிருக்கலாம்.

அறிகுறி: தடயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

ரீல் என்பது கழற்றி மாட்டும் பொருள். நல்ல நிலையில் நம் கைக்கு வரும் ரீல் பல நேரம் இரண்டு மூன்று ரீல்களின் கலவை. இங்கே எந்தப் பாகத்தை நம்புவது என்ற வரிசை முக்கியம். சட்டமும் கடையாணி அடித்த காலும் முதலில். பக்கத் தட்டுகள் அடுத்து. பிறகு ஸ்பூல். கைப்பிடியும் குமிழும் கடைசி, ஏனென்றால் உடைவதும் மாற்றுவதும் அவைதாம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். மேசை மேல் ஓர் அமெரிக்கக் கடல் ரீல். தட்டுகள் பேக்கலைட். வலப்பக்கத் தட்டில் இரண்டு பேட்டன்ட் எண்கள், ஒன்று 1,8 என்று தொடங்குவது, மற்றது 2,090 என்று தொடங்குவது. இடப்பக்கம் நான்கு ஸ்க்ரூ, மூன்று ஒற்றைக் கோடு, ஒன்று ஃபிலிப்ஸ். கைப்பிடிக் குமிழ் வெளிர் நிறப் பிளாஸ்டிக். கூட வந்த பெட்டியில் முகவரி ஐந்து இலக்க ஜிப் எண்ணோடு (அமெரிக்க அஞ்சல் எண்).

பெரிய எண்ணை எடுங்கள். 1937ஆம் ஆண்டு 2,066,309இலும் 1938ஆம் ஆண்டு 2,104,004இலும் தொடங்கின. 2,090,000ஐ ஒட்டிய எண் 1937ஐச் சேர்ந்தது. கீழ் எல்லை கிடைத்துவிட்டது. 17 ஆண்டைக் கூட்டினால் 1954, தளர்வான மேல் எல்லை. 1942 முதல் 1945 வரை உலோகம் முழுதும் போருக்குப் போனதால் அமெரிக்காவில் தூண்டில் சாமான் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது. எனவே 1937 முதல் 1942 வரை ஒரு கூறு, 1945 முதல் 1954 வரை இன்னொரு கூறு. ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ ஒன்றே ஒன்று என்பதால் அதை ஒதுக்குங்கள். ஜிப் எண் அமெரிக்காவில் 1963 ஜூலையில்தான் வந்தது. ஆகவே பெட்டி இந்த ரீலின் பெட்டி அல்ல. குமிழின் அடியில் இருக்கும் கடையாணியை லென்ஸில் பாருங்கள். தலை அடிபட்டு ஒழுங்கற்று இருந்தால் குமிழும் மாற்றியது.

இரண்டு கூறுகளில் எது என்று முடிவு செய்ய, அதே மாடலின் போருக்கு முந்திய, பிந்திய பட்டியல் படங்களைத் தேடித் தட்டில் உள்ள எழுத்து வடிவத்தையும் கைப்பிடியின் வளைவையும் ஒப்பிட வேண்டும். அதற்கும் விடை வராவிட்டால் "1937–1954, நடுவில் போர் ஆண்டுகள் நீங்கலாக" என்று எழுதுவதே நேர்மை.

அறிகுறி: பெட்டியும் தாளும் இருக்கிறது, ரீலில் எதுவும் இல்லை

பெட்டி இந்த ரீலோடு பிறந்ததா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மாடல் எண் பொருந்த வேண்டும், உள்ளே ரீல் பதிந்த தடம் கால் வடிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். பொருந்தினால் முகவரி பேசும். அமெரிக்க நகரப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க மண்டல எண் இருந்தால் 1943க்கும் 1963க்கும் இடையே. ஐந்து இலக்கம் என்றால் 1963க்குப் பின். ஸ்வீடன் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் 1968 முதல். ஜெர்மனியில் ஐந்து இலக்கம் 1993 முதல். கோடுகள் உள்ள பார்கோடு இருந்தால் 1974க்கு முன் போகாது. வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' எழுத்தை அமெரிக்க நிறுவனம் போட்டிருந்தால் 1947க்குப் பின். 'ரெஜி. யூ.எஸ். பேட். ஆஃப்.' என்பதில் 'டி.எம்.' சேர்ந்திருந்தால் 1975க்குப் பின், ஏனென்றால் அந்த அலுவலகத்தின் பெயரே அப்போதுதான் மாறியது.

அறிகுறி: பார்த்தால் மிகப் பழசாக இருக்கிறது

தோற்றத்தை நம்பாதீர்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் குரோம் முலாம் ஓரிரு பருவத்திலேயே கொப்பளித்துவிடும். கழுவாமல் வைத்த 1985ஆம் ஆண்டு ரீல், நீலகிரியில் உறையோடு கிடந்த 1925ஆம் ஆண்டு ரீலைவிடக் கிழடாகத் தெரியும். பச்சைக் களிம்பு உப்பின் அளவைச் சொல்லும், ஆண்டுகளின் எண்ணிக்கையை அல்ல. தேய்மானத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? கை படும் விளிம்பும் இருக்கை உராயும் காலும் தேய்ந்து, பக்கத் தட்டுகளை இணைக்கும் தூண்களுக்கு இடையில் உள்ள மறைவிடத்தில் மூலப் பூச்சு மிஞ்சியிருந்தால் இயல்பு. எல்லா இடமும் சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஹார்டி தன் புகழ்பெற்ற பெர்ஃபெக்ட், புக்லே போன்ற பழைய மாடல்களைப் பின்னாளில் மீண்டும் வெளியிட்டது. அவை போலிகள் அல்ல, நல்ல ரீல்கள். ஆனால் வயது வேறு. எந்திரத்தில் ஒரே சீராகக் கடைந்த விளிம்பு, எங்கும் ஒரே ஆழத்தில் இருக்கும் எழுத்து, தொழிலாளி முத்திரை இல்லாத உட்பக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் மறுபதிப்பைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இடைவெளி இன்னும் அகலமாகவே இருக்கிறது

கடைசி வழி நிறுவனங்களின் ஆண்டுப் பட்டியல்கள். ஒரு மாடல் எந்த ஆண்டுப் பட்டியலில் முதலில் தோன்றியது, எதில் காணாமல் போனது என்பதே நீங்கள் தேடும் இரண்டு எல்லை. படத்தைவிட விவரக் குறிப்பைக் கவனியுங்கள். நிறுவனங்கள் பழைய படத்தையே பல ஆண்டுகள் மறுபடி அச்சிடும், ஆனால் ஸ்பூல் அகலம், எடை, லைன் கொள்ளளவு மாறினால் எழுத்தில் திருத்திவிடும். உங்கள் ரீலை லைன் இல்லாமல் எடைபோட்டு, தட்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து அந்தக் குறிப்போடு ஒப்பிடுங்கள். அங்குலத்திலும் அவுன்சிலும் அளந்தால் பழைய பட்டியலோடு நேராகப் பொருந்தும்.

விற்பதாக இருந்தால் கிடைத்த இரண்டு எல்லையையும், எந்தத் தடயத்திலிருந்து எது கிடைத்தது என்பதையும், மாற்றியதாகத் தெரியும் பாகங்களையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். காலின் படமும், எண்ணின் படமும், திறந்த உட்பக்கத்தின் படமும் கூடவே இருக்கட்டும்.